ஆலை ஓடையில் எட்டுப் பேர்

அமெரிக்க நாட்டின் தென் கரோலினா, ஜார்ஜியா ஆகிய இரு மாநிலங்களுக்கும் எல்லை வகுத்து ஓடுவது சவானா ஆறு. அதன் கரோலினாக் கரையில், ஆகஸ்டா நகருக்குக் கீழே ஏறத்தாழ 12 மைல் தொலைவில், ஆற்றை ஒட்டி உயர்ந்து நிற்கும் ஒரு மேட்டு நிலம் உண்டு. சில்வர் பிளஃப் என்று அதனை அழைப்பர். வெள்ளி மேடு என்பது அப்பெயரின் பொருள். பெயரில் வெள்ளி இருந்ததே தவிர, பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பணமாக மாறியது மான்தோல்தான். அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து வந்து குடியேறிய ஜார்ஜ் கால்ஃபின் என்னும் வணிகர், உள்நாட்டுக் காடுகளில் வாழ்ந்த கிரீக் பழங்குடி மக்களிடமிருந்து தோல்களை வாங்கிச் சேர்த்து, ஆற்றின் வழியே கடற்கரைத் துறைமுகங்களுக்கு அனுப்பிப் பெருஞ்செல்வரானார். கடை, கிடங்கு, மாவாலை, வயல், அவற்றில் உழைப்பதற்கு அடிமைகள் என ஒரு சிற்றூரே அவருடைய உடைமையாக இருந்தது. அந்தச் சிற்றூரின் அடிமைக் குடிசைகளுக்கிடையே 1773ஆம் ஆண்டிற்கும் 1775ஆம் ஆண்டிற்கும் இடையில் தோன்றியதுதான் சில்வர் பிளஃப் பாப்டிஸ்ட் சபை. தொடக்கத்தில் அதன் உறுப்பினர் எட்டுப் பேர். கறுப்பின அடிமைகள் தமக்கெனக் கூடி அமைத்துக்கொண்ட திருச்சபைகளுள் வட அமெரிக்காவில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று என வரலாற்றாசிரியர்கள் அதனை எண்ணுவர்.

அந்த எட்டுப் பேருள் ஒருவர் தாவீது ஜார்ஜ். அவருடைய வாழ்க்கையை அறியாமல் இச்சபையின் வரலாற்றை அறிய இயலாது.

தாவீது ஜார்ஜ் 1743ஆம் ஆண்டை ஒட்டி வர்ஜீனியாவில் எசெக்ஸ் வட்டாரத்தில் பிறந்தார். தாய் தந்தையர் இருவரும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். தாய் எசமானியின் சமையற்காரி. தமக்கையையும் தமையனையும் முதுகுத்தோல் உரியுமாறு சவுக்கால் அடித்ததை அவர் சிறுவயதிலேயே கண்டார். தாமும் அடிபட்டார். எனினும், தாய் முழந்தாளிட்டு இரக்கம் வேண்டிக் கதற, அவளை அடித்த காட்சியே தம் நெஞ்சில் ஆறாத புண்ணாக நின்றது என்று பின்னாளில் கூறினார். அதனைத் தாங்கமாட்டாமல் ஓரிரவில் ஓடிப்போனார். தெற்கு நோக்கி ஆறுகளைக் கடந்து ஓடியவர் கிரீக் தலைவர் ஒருவரிடம் அகப்பட்டார். எசமானின் மகன் அங்கும் தேடி வந்தான். மதுவும் துணியும் துப்பாக்கியும் விலையாகக் கைமாறின. மீண்டும் தப்பி மற்றொரு பழங்குடித் தலைவரை அடைந்தார். முடிவில் கால்ஃபினின் வணிக முகவர்கள் கைக்கு வந்து சேர்ந்தார். மான்தோல்களைச் செப்பம் செய்வதும், குதிரைகளைப் பேணுவதும், ஆண்டுக்கொரு முறை ஏறத்தாழ 400 மைல் தொலைவு தோல் சுமையுடன் சில்வர் பிளஃபுக்கு வந்து திரும்புவதும் அவர் வேலையாயிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் கால்ஃபினிடம் கேட்டு அங்கேயே தங்கினார். பிலிஸ் என்னும் பெண்ணை மணந்தார்.

அக்காலத் தோட்ட முதலாளிகளுள் கால்ஃபின் சற்றே கடுமை குறைந்தவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், கடுமை குறைந்த உடைமையாளரும் உடைமையாளரே. மனிதரை விலைக்கு வாங்கியவரை நல்லவர் என்று சொல்லும்போது நாக்குச் சற்றுத் தயங்குவது இயல்பு.

சபை தோன்றிய கதை ஒரு சொல்லில் தொடங்குகிறது. சார்ல்ஸ்டன் நகரிலிருந்து வந்த சைரஸ் என்னும் கறுப்பினத்தவர் ஒருவர், இவ்வாறே வாழ்ந்து வந்தால் இறைவனின் திருமுகத்தைக் காணவே மாட்டாய் என்று தாவீது ஜார்ஜிடம் சொன்னார். அச்சொல் அவரை உறங்கவிடவில்லை. அந்நாளில் சவானா ஆற்றின் இருகரையிலுமிருந்த தோட்டங்களுக்குச் சென்று அடிமைகளுக்குச் சமயவுரை ஆற்றிவந்தவர் ஜார்ஜ் லீல். அவரும் அடிமையாகப் பிறந்தவரே. அவரை உடைமையாகக் கொண்டிருந்த ஹென்றி ஷார்ப் என்பவர் பாப்டிஸ்ட் சபை ஒன்றின் உதவிக்காரர். லீலின் பேச்சுத் திறமையைக் கண்டு அவருக்கு விடுதலை அளித்தவர். சோளக்கொல்லை ஒன்றில் லீல் ஆற்றிய உரையைத் தாவீது ஜார்ஜ் கேட்டார். சுமை சுமந்து களைத்தவர்களை இயேசு தம்மிடம் அழைக்கும் வேதப் பகுதியைக் குறித்த உரை அது. பகலெல்லாம் உண்மையாகவே சுமை சுமந்த மக்களுக்கு அவ்வுரை எப்படிப் பட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. உரை முடிந்ததும் தாவீது ஜார்ஜ் லீலை அணுகி, நீங்கள் அழைத்தது என்னைத்தான் என்றாராம்.

பின்னர் பாமர் என்னும் வெள்ளையர் ஒருவர் வந்தார். கனெக்டிகட் பகுதியிலிருந்து தெற்கே வந்த வெயிட் பாமர் என்னும் ஊர்சுற்றிப் போதகரே அவர் என்பது ஆய்வாளர் கருத்து. ஒரு சனிக்கிழமை மாலை அவர் எட்டுப் பேரின் அனுபவங்களைத் தனித்தனியே கேட்டறிந்தார். மறுநாள் கால்ஃபினின் ஆலை ஓடையில் அந்த எட்டுப் பேருக்கும் திருமுழுக்கு நடந்தது. தாவீதும் பிலிசும் அவர்களுள் இருவர். ஜெஸ்ஸி என்னும் மற்றோர் அடிமையும் உடனிருந்தார். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியுள்ளது. பாமர் அவர்களை ஒரு சபையாக அமைத்துத் திருவிருந்தும் வழங்கினார். பகலில் எசமானுக்கு மாவரைத்த நீரே மறுநாள் அடிமைகளுக்குப் புண்ணிய நீராயிற்று.

அடிமைகள் ஒரு சபையை அமைப்பது எவ்வாறு இயன்றது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அதற்கு விடை பாப்டிஸ்ட் சமயப் பிரிவின் அமைப்பிலேயே உள்ளது. 1609ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில், இங்கிலாந்திலிருந்து வெளியேறி வந்த ஜான் ஸ்மித் என்பவரின் குழுவோடு இப்பிரிவின் வரலாறு தொடங்குகிறது. குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதை அவர்கள் ஏற்பதில்லை. அறிந்து நம்பியவர், தாமே கேட்டு, நீரில் மூழ்கி எழ வேண்டும். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும். மேலே ஆயர் இல்லை. தலைநகரிலிருந்து ஆணை வருவதில்லை. போதகராவதற்குக் கல்லூரிப் பட்டமும் வேண்டுவதில்லை. நம்பிக்கை கொண்ட சிலரும் ஓடும் நீரும் இருந்தால் போதும். கோபுரமும் மணியும் கொண்ட திருச்சபைகளால் செல்ல இயலாத இடங்களுக்கு இவர்கள் சென்றதற்கு இந்த எளிமையே காரணம். சில்வர் பிளஃபில் கட்டடம் எழும்புமுன்னரே சபை எழுந்துவிட்டது.

தாவீது ஜார்ஜைச் சபையின் மூப்பராக இருக்கும்படி பாமர் கேட்டபோது, தமக்குத் தகுதியில்லை என்று அவர் முதலில் மறுத்தார். பாமர் வற்புறுத்தவே இசைந்தார். சிறிது காலத்தில் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. அடிமைகளுக்கு அறிவு மிகுந்துவிடும் என்னும் அச்சத்தால் வெளியிலிருந்து போதகர்கள் தோட்டத்திற்குள் வருவது தடுக்கப்பட்டது. விடுதலை, உரிமை என்று ஊரெங்கும் முழங்கிய அதே ஆண்டுகளில்தான் இந்தத் தடை வந்தது என்பதை வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் நினைவிற் கொள்வது நல்லது. கால்ஃபினே விடுதலைப் போரில் அமெரிக்கர் பக்கம் நின்றவர். 1775ஆம் ஆண்டில் பழங்குடியினர் தொடர்பான அலுவல்களுக்கு அமெரிக்கப் பேராயம் அமர்த்திய ஆணையர்களுள் ஒருவர். வெளியாரின் வருகை நின்றதால் உரையாற்றும் பொறுப்பு முழுவதும் தாவீது ஜார்ஜ் மேல் விழுந்தது. அவருக்கோ எழுத்தறிவு இல்லை.

இவ்வரலாற்றில் ஆசிரியர்கள் நின்று நோக்க வேண்டிய இடம் இதுதான்.

தென் கரோலினாவில் 1739ஆம் ஆண்டில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகளின் கிளர்ச்சி ஒன்று நடந்தது. மறு ஆண்டே கடுமையான அடிமைச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அடிமைக்கு எழுதக் கற்பிப்பவர்க்கு 100 பவுன் தண்டம் என அச்சட்டம் விதித்தது. வாசிப்பைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. 1834ஆம் ஆண்டில்தான் அம்மாநிலம் வாசிக்கக் கற்பிப்பதையும் சட்டத்தால் தடுத்தது. எழுதத் தெரிந்த அடிமை தனக்குத்தானே பயண அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டு போய்விடுவான் என்பது உடைமையாளர்களின் கவலை. வாசிப்பு அவ்வளவு ஆபத்தானதாக அவர்களுக்குத் தொடக்கத்தில் தோன்றவில்லை போலும்! அந்தச் சிறு இடைவெளியில்தான் தாவீது ஜார்ஜ் நுழைந்தார்.

கால்ஃபின் தம் வீட்டில் வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஓர் ஆசிரியரை வைத்திருந்தார். முப்பது வயதை எட்டிய தாவீது ஜார்ஜ் ஓர் எழுத்துக்கூட்டுப் புத்தகத்தைத் தேடிப் பெற்றார். அந்தப் பிள்ளைகளிடம் சென்று, அரிச்சுவடி சொல்லித் தருமாறு கேட்டார். அவர்கள் ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். அவர் போய் அதனைத் தாமாகவே படித்துப் பழகுவார். மீண்டும் அவர்களிடமே வந்து, நான் படித்தது சரிதானா என்று கேட்பார். வேலை செய்யும்போதும் எழுத்து, படுத்தாலும் எழுத்து. விழித்திருக்கையில் கற்ற அளவு உறக்கத்திலும் கற்றதாகவே அவருக்குத் தோன்றியது. இவ்வாறு வேதத்தை வாசிக்கும் அளவிற்கு உயர்ந்தார்.

கேட்டல், தனியே பழகல், திரும்பச் சென்று சரிபார்த்தல் என்னும் இம்முறையை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பல தலைப்புகளில் கற்பிக்கின்றனர். அங்கே அதனை ஓர் அடிமை தாமே கண்டுகொண்டார். அவருக்கு ஆசிரியராக அமைந்தவர்களோ, தாங்கள் கற்பிக்கிறோம் என்பதையே உணராத சிறுவர்கள். தன் பிள்ளை வயதில் உள்ளவரிடம் போய் நின்று, சரியா என்று கேட்பதற்கு எத்தகைய மன உறுதி வேண்டும் என்பதை முதியோர் வகுப்பு நடத்தியவர்கள் அறிவர்.

எட்டுப் பேரின் சபை முப்பது பேருக்கு மேல் வளர்ந்தது. பின்னர்ப் போர் நெருங்கியது. 1778ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் ஆங்கிலேயப் படை சவானா நகரைக் கைப்பற்றியது. அமெரிக்கர் பக்கம் நின்ற கால்ஃபின் தோட்டத்தைவிட்டு விலக, தாவீது ஜார்ஜும் அவர் குடும்பமும் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஆங்கிலேயரை நோக்கி நடந்தனர். எதிரியின் அடிமைகள் தம்மிடம் வந்தால் விடுதலை என்பது ஆங்கிலேயரின் போர்த் தந்திரம். 1779ஆம் ஆண்டில் தளபதி கிளின்டன் அதனை வெளிப்படையாகவே அறிவித்தார். அதில் அறம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்பதை எளிதில் பிரித்துச் சொல்ல இயலாது. நடந்தவர்களுக்கு அந்த ஆராய்ச்சிக்கு நேரமும் இல்லை. சவானாவில் தாவீது ஜார்ஜைப் பெரியம்மை தாக்கியது. பிலிஸ் துணி வெளுத்துக் குடும்பத்தைக் காத்தாள்.

சபை சிதறியது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். சிதறிய விதைகள் விழுந்த இடங்களோ இரண்டு கண்டங்களில் உள்ளன.

ஜார்ஜ் லீல் ஆங்கிலேயர் சவானாவை விட்டு வெளியேறியபோது அவர்களுடன் ஜமைக்காத் தீவுக்குச் சென்றார். பயணச் செலவுக்காகப் பட்ட கடனை ஏறத்தாழ இரண்டு ஆண்டு உழைத்துத் தீர்த்தார். 1784ஆம் ஆண்டளவில், அமெரிக்காவிலிருந்து வந்த வேறு நால்வருடன் கிங்ஸ்டன் நகரில் ஒரு சபையைத் தொடங்கினார். வண்டியோட்டியும் பயிரிட்டும் வயிறு வளர்த்தார். சபையிடம் ஊதியம் பெறவில்லை. எசமானின் இசைவு பெற்று வந்த அடிமைகளையே சபையில் சேர்த்தார் என்பதால் அவரைச் சிலர் குறை கூறுவதுண்டு. அந்த எச்சரிக்கை இல்லையேல் அச்சபையை ஆட்சியாளர் ஓராண்டு கூட விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

ஜமைக்காவிற்குப் புறப்படுமுன் லீல் சவானாவில் திருமுழுக்கு அளித்தவர்களுள் ஆண்ட்ரு பிரையன் என்பவர் ஒருவர். குதிரைவண்டி ஓட்டும் அடிமை. கூட்டம் கூட்டியதற்காக அவரையும் அவரைச் சேர்ந்த ஐம்பது பேரையும் சவுக்கால் அடித்தனர். குருதி வழிய நின்ற பிரையன், இதற்காக உயிரையும் தருவேன் என்று கைகளை உயர்த்திச் சொன்னார் என்பர். 1788ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் அவர் முறைப்படி போதகராக அமர்த்தப்பட்டார். அச்சடங்கிற்கு வந்தவர்கள் ஆபிரகாம் மார்ஷல் என்னும் வெள்ளைப் போதகரும், ஆலை ஓடையில் மூழ்கி எழுந்த அந்த ஜெஸ்ஸியும் ஆவர்.

ஜெஸ்ஸி பீட்டர் என்று அறியப்படும் இவரே பழைய சபைக்குத் திரும்ப உயிர் கொடுத்தவர். ஆங்கிலேயருடன் கப்பலேறினால் விடுதலை உறுதி என்ற நிலையிலும் அவர் செல்லவில்லை. சில்வர் பிளஃபுக்கே மீண்டார். ஏன் மீண்டார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. போரில் கலைந்தவர்களைக் கூட்டி மீண்டும் வழிபாடு நடத்தினார். பின்னர் அச்சபையினருள் ஒரு பகுதியினர் ஆகஸ்டா நகரில் நிலைகொண்டனர். அங்குள்ள ஸ்பிரிங்ஃபீல்டு பாப்டிஸ்ட் சபை அவ்வழி வந்தது. 1867ஆம் ஆண்டில், அடிமை முறை ஒழிந்து இரண்டே ஆண்டில், அந்த ஆலயத்தின் கீழ்த்தளத்தில் கறுப்பின இளைஞர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஆகஸ்டா இன்ஸ்டிடியூட் என்ற பெயருடன் தொடங்கிய அது 1879ஆம் ஆண்டில் அட்லாண்டாவுக்கு மாறியது. 1913ஆம் ஆண்டில் மோர்ஹவுஸ் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1948ஆம் ஆண்டில் அங்கே பட்டம் பெற்று வெளிவந்த மாணவர்களுள் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங்.

தாவீது ஜார்ஜின் வழி இவ்விருவரின் வழியினும் நெடியது. 1782ஆம் ஆண்டில் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்றார். அந்நிலத்திற்குக் கப்பலேறிய கறுப்பின மக்கள் ஏறத்தாழ 3,000 பேர். ஷெல்பர்ன் என்னும் ஊரில், காட்டு வெளியில் நின்று அவர் பாடத் தொடங்கியதும் குடிசை குடிசையாக மக்கள் வந்து கூடினர். கால் ஏக்கர் நிலம் கிடைத்தது, சபை எழுந்தது, ஐம்பது பேர் சேர்ந்தனர். 1784ஆம் ஆண்டு ஜூலையில், வேலையும் நிலமும் கிடைக்காத வெள்ளைப் படைவீரர்கள் கலகம் செய்து கறுப்பினத்தவரின் வீடுகள் இருபது வரை இடித்தனர். தாவீது ஜார்ஜைக் கோலால் அடித்துச் சதுப்பு நிலத்திற்குள் விரட்டினர். அவர் அயலூரில் தங்கித் திரும்பி வந்து பார்த்தபோது, அவருடைய சபைக் கட்டடத்தில் ஒருவர் சாராயக்கடை நடத்திக்கொண்டிருந்தார்! பனியில் கால்கள் விறைத்து நடக்கமாட்டாமற் போன காலத்தில், சபையார் அவரைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துச் சென்றனர்.

1792ஆம் ஆண்டு ஜனவரியில் ஜான் கிளார்க்சன் என்னும் கடற்படை அதிகாரியின் தலைமையில் 15 கப்பல்கள் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்கா நோக்கிப் புறப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 1,200 பேர் இருந்தனர். தாவீது ஜார்ஜின் சபையார் பெரும்பாலோரும் அவருடன் சென்றனர். பெற்றோரை விலங்கிட்டு ஏற்றிய கண்டத்திற்கு மகன் தன் விருப்பத்தோடு இறங்கினார். சியரா லியோனில் இன்று ஃப்ரீடவுன் எனப்படும் நகரம் அவர்கள் அமைத்தது. கரையேறிய முதல் ஞாயிறு கப்பற்பாயைக் கூரையாகக் கட்டி அவர் உரையாற்றினார். பின்னர்க் கம்புகளை நட்டுப் புல் வேய்ந்து ஒரு கொட்டகை எழுப்பினர். மேற்கு ஆப்பிரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபை அந்தப் புற்கூரையின் கீழ்தான் கூடியது. 1810ஆம் ஆண்டில் அவர் அந்நகரிலேயே மறைந்தார்.

இனி, ஒரு வழக்கினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் முதல் சபை எது? சில்வர் பிளஃபா, சவானாவா, வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க்கா? ஒவ்வொரு சபையும் தன் ஆண்டினை முன்னிறுத்துகிறது. 1758ஆம் ஆண்டிலேயே வர்ஜீனியாவின் புளூஸ்டோன் ஆற்றை ஒட்டி ஒரு சபை இருந்தது என்பாரும் உளர். சவானாவிலோ ஒரே ஊரில் இரு சபைகள் தமக்குள் மூத்தது எது என்று நெடுங்காலம் வாதிட்டன. சில்வர் பிளஃப் பாப்டிஸ்ட் சபை இன்றும் பீச் ஐலண்டு வட்டாரத்தில் இயங்கிவருகிறது. அதன் மூலைக்கல் 1750ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் காட்டுகிறது. கல்லில் பொறித்ததனால் ஆண்டு உண்மையாகிவிடாது. தாவீது ஜார்ஜ் அவ்வாண்டில் வர்ஜீனியாவில் ஏழெட்டு வயதுச் சிறுவர். வால்டர் புரூக்ஸ் என்னும் வாஷிங்டன் நகரப் போதகர், தாமே அடிமையாகப் பிறந்தவர், 1910ஆம் ஆண்டில் சில்வர் பிளஃபைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, 1773ஆம் ஆண்டிற்கு முன்னும் 1775ஆம் ஆண்டிற்குப் பின்னும் அதன் தோற்றத்தைக் கொள்ள இயலாது என்று லீலின் பயணங்களைக் கொண்டு நிறுவ முயன்றார். ஆய்வு நெறியில் அவர் முடிவே வலுவுடையது.

இவ்வளவு வாதத்திற்கும் இடம் தந்தவர் தாவீது ஜார்ஜ்தான். 1793ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்து சென்றிருந்தார். பாப்டிஸ்ட் போதகர்களான ஜான் ரிப்பனும் சாமுவேல் பியர்சும் அவர் வாயாலேயே அவருடைய வாழ்க்கையைக் கேட்டு எழுதிக்கொண்டனர். ரிப்பன் தாம் நடத்திய ஆண்டு மலரில் அதனை வெளியிட்டார். அதே பியர்ஸ்தான் வில்லியம் கேரிக்கு உற்ற நண்பர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கேரி வங்காளத்திற்குக் கப்பலேறினார். நவீன கிறித்தவ அருட்பணியின் தந்தை எனக் கேரியைப் பாடநூல்கள் கூறும். லீல் அவருக்கு ஏறத்தாழ பத்து ஆண்டு முன்னரே கடல் கடந்துவிட்டார்.

தாம் சொல்லிய வரலாற்றில் தாவீது ஜார்ஜ் சைரசின் சொல்லை மறக்கவில்லை. சோளக்கொல்லையை மறக்கவில்லை. சனிக்கிழமை மாலையையும், ஆலை ஓடையையும், உடன் மூழ்கியவர் எத்தனை பேர் என்பதையும், அரிச்சுவடி சொல்லித்தந்த பிள்ளைகளையும் சொன்னார். ஆண்டினை மட்டும் அவர் சொல்லவில்லை. எழுதிக்கொண்டவர்கள் கேட்டதாகவும் தெரியவில்லை.